கேசவ சந்திர சேனரும் 1872ஆம் ஆண்டின் மணச்சட்டமும்

திருமணப் பதிவு அலுவலகத்திலே, சமயம் என்னும் கட்டத்திற்கு நேரே என்ன எழுதுவது என்று நம் இளைஞர் சிலர் எழுதுகோலும் கையுமாகத் தயங்கி நிற்பதைக் கண்டிருக்கின்றோம். இத்தயக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. தம் மனச்சான்றுக்கு இசைந்தவாறு மணம் செய்ய விரும்பியோரைப் பார்த்து, நீங்கள் எச்சமயத்தார் என்று அரசு முதன்முதலாக வினவிய காலத்தில், அவ்வினாவின் நடுவே நின்றவர் வங்காளத்துக் கேசவ சந்திர சேனர். அவர் பௌத்தர் அல்லர், பிரம்ம சமாஜத்தவர். ஆயினும் அவர்தம் வாழ்க்கை நமக்கும் உரியதே.

கேசவர் 1838 நவம்பர் 19ஆம் நாள் கல்கத்தாவில், கல்வியும் செல்வமும் மிக்க வைத்தியர் குலத்திற் பிறந்தார். பாட்டனார் இராமகமல சேனர் பெரும் புகழ் படைத்தவர். தந்தையாரை இளமையிலேயே இழந்த கேசவர், 1857இல் பிரம்ம சமாஜத்திற் சேர்ந்தார். 1859இல் தேவேந்திரநாத தாகூருடன் இலங்கைக்குக் கப்பலேறினார். சிறிது காலம் வங்காள வங்கியில் அலுவல் பார்த்துப் பின் அதனைத் துறந்தார். 1862இல் தேவேந்திரநாதர் அவரை ஆசாரியராக அமர்த்தினார். அவ்விழாவிற்குத் தம் மனைவியாரையும் உடனழைத்துச் சென்றமைக்காகக் குடும்பத்தாரின் சினத்திற்கு ஆளானார். 1864இல் சென்னைக்கு வந்து சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டே சென்னையில் வேத சமாஜம் தோன்றியதற்கு அவ்வருகை தூண்டுகோலாயிற்று.

சாதிக் கட்டினை அறுத்தலே சமயத் தூய்மைக்கு முதற்படி என்று கேசவர் கருதினார். பூணூல் அணிந்தோர் வேதியிலமர்ந்து வழிபாடு நடத்துதல் கூடாதென்றார். வெவ்வேறு சாதியார்க்கிடையே மணங்களையும் நடத்துவித்தார். மூத்தவரான தேவேந்திரநாதர் அத்துணை விரைவை விரும்பவில்லை. பிளவு நேர்ந்தது. 1866 நவம்பரில் கேசவர் இந்திய பிரம்ம சமாஜத்தை நிறுவினார். பழையது ஆதி பிரம்ம சமாஜம் எனப் பெயர் பெற்றது.

அப்பொழுதுதான் பேரிடர் ஒன்று புலனாயிற்று. ஓமமின்றி, உருவ வழிபாடின்றி, சாதி நோக்காது நடந்த இம்மணங்கள் சட்டத்தின் முன் செல்லுமா? அரசின் தலைமை வழக்கறிஞரைக் கேட்டபோது, செல்லா என்றே விடை வந்தது. இந்து முறையும் அன்று, முகமதிய முறையும் அன்று, கிறித்தவ முறையும் அன்று. தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று காட்டவும் இயலாது. செல்லாத மணத்திற் பிறந்த மக்களின் சொத்துரிமை என்னாவது? மனைவியின் நிலைதான் என்னாவது? புதிதாக ஒரு நெறியைத் தழுவியோர்க்கு வழக்கம் எங்கிருந்து வரும் என்னும் இவ்வினா, பின்னாளில் தம்மத்தைத் தழுவிய நம் முன்னோரையும் விடாது தொடர்ந்தது என்பதை இங்கே நினைத்தல் தகும்.

கேசவர் அரசுக்கு விண்ணப்பித்தார். சட்ட உறுப்பினர் ஹென்றி மெயின் 1868இல் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். நிலவும் சமய முறைகளில் மணம் செய்ய விரும்பாத எவர்க்கும் அது பொதுவாயிருந்தது. நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. பிரம்ம சமாஜத்தார்க்கு மட்டும் என்று அதனைச் சுருக்கினர்; உடனே ஆதி சமாஜத்தார், நாங்கள் இந்துக்களே, எங்கள் பெயரால் இச்சட்டம் வேண்டா என்று எழுந்தனர். மெயினுக்குப் பின் வந்த ஸ்டீபன் இவ்விரு முனைக்கும் நடுவே ஒரு வழி கண்டார். 1872 மார்ச்சு மாதத்தில் அவ்வாண்டின் மூன்றாம் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தின் நன்மைகள் பல. மணமகனுக்கு 18, மணமகளுக்கு 14 அகவை நிரம்பியிருத்தல் வேண்டும், இருவர்க்கும் வாழும் துணை வேறு இருத்தல் கூடாது, பதிவாளர் முன்னும் மூன்று சாட்சிகள் முன்னும் மணம் நிகழ வேண்டும், சாதி தடையன்று. ஆனால் விலை ஒன்று இருந்தது. மணமக்கள் தாம் கிறித்தவர், யூதர், இந்து, முகமதியர், பார்சி, பௌத்தர், சீக்கியர், சமணர் எவரும் அல்லர் என்று கையொப்பமிட வேண்டும். தாம் எவர் என்பதை அவர்கள் கூற வேண்டியதில்லை. எவர் அல்லர் என்பதையே கூற வேண்டும்! இப்பட்டியலில் பௌத்தமும் இருந்தமை நோக்கத்தக்கது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் தலைமையில் தென்னாட்டில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்த பின், நம்மவர் ஒருவர் பிற சமயப் பெண்ணை இச்சட்டத்தின்படி மணக்க விரும்பியிருப்பின், அரும்பாடுபட்டு மீட்ட பௌத்தர் என்னும் பெயரை அன்றே மறுத்துக் கையொப்பமிட நேர்ந்திருக்கும்.

கேசவர் அவ்விலையைக் கொடுக்க இசைந்தார். அதனைக் குற்றமென்று கூறுதல் எளிது. செல்லாத மணத்தோடு நின்ற குடும்பங்களை நேரிற் கண்டவர்க்கு வேறு வழி தோன்றவில்லை போலும்.

எனினும் அவரைப் பெரிதும் வீழ்த்தியது பிறர் எதிர்ப்பன்று. பெண்ணின் மணவயது யாது என்று மருத்துவர்களைக் கேட்டுத் திரட்டி, அச்சட்டத்திற்கு அடிகோலியவர் அவரே. அவரே 1878 மார்ச்சு 6ஆம் நாள் தம் மகள் சுநீதி தேவியைக் கூச்பிகார் அரசர் நிருபேந்திர நாராயணருக்கு மணம் செய்வித்தார். மகளுக்கு அகவை 13, மணமகனுக்கு 15. கூச்பிகார் சுதேச சமத்தானம்; அச்சட்டம் அங்கே கட்டுப்படுத்தாது. மணமகன் மணம் முடிந்த உடனே இங்கிலாந்து சென்றார். இல்வாழ்வு பின்னரே தொடங்கிற்று. இவையெல்லாம் உண்மையே. எனினும் அரண்மனையார் புரோகிதச் சடங்குகளைப் புகுத்தினர். கேசவரால் தடுக்க இயலவில்லை. இது இறைவன் ஆணை என்று அவர் கருதினார். அவர்பால் பேரன்பு பூண்டிருந்த இளைஞரே இதனைப் பொறுக்கவில்லை. சிவநாத சாத்திரி, ஆனந்தமோகன போசு முதலியோர் பிரிந்து, அவ்வாண்டு மே 15இல் சாதாரண பிரம்ம சமாஜத்தை நிறுவினர். சட்டத்தின் எழுத்து அவரைத் தொடவில்லை என்பது மெய்; அவர் பிறர்க்கு உரைத்த நெறி தொட்டது என்பதும் மெய். எம் மனம் இளைஞர் பக்கமே சாய்கின்றது.

எஞ்சிய ஆண்டுகளில் கேசவர் எல்லாச் சமயங்களின் சாரத்தையும் ஒருங்கே காண முயன்றார். அதற்கென நான்கு தொண்டர்க்கு நான்கு சமயங்களைப் பகுத்தளித்தார். பௌத்தத்தைப் பெற்றவர் அகோரநாத குப்தர். புத்தர் பெருமானின் வரலாற்றை வங்காள மொழியில் எழுதினார். கேசவர் 1884 சனவரி 8ஆம் நாள் தம் 45ஆம் அகவையில் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற சட்டமோ நெடுங்காலம் வாழ்ந்தது. 1923இல் ஹரிசிங் கௌர் முயற்சியால் திருத்தம் பெற்றது. அதன் பின் இந்துக்களும் பௌத்தரும் சீக்கியரும் சமணரும் தம் சமயத்தை மறுக்காமலே தமக்குள் மணம் செய்யலாயினர். ஆயினும் கூட்டுக் குடும்பத்தினின்று பிரிந்தவராகவே கருதப்பட்டனர். 1948 ஏப்ரல் 15ஆம் நாள் புதுதில்லியில் அண்ணல் அம்பேத்கர் பதிவுமணம் செய்துகொண்டபோது நடைமுறையில் இருந்தது இச்சட்டமே. 1954இல் புதிய தனித்திருமணச் சட்டம் வந்து இதனை நீக்கியது. எவரும் எதனையும் மறுத்துரைக்க வேண்டிய நிலை ஒழிந்தது. மறு ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமோ பௌத்தரையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. நம் மணம் செல்லும். ஆனால் செல்வது இந்து என்னும் பெயர் தாங்கிய சட்டத்தின் கீழ். 1872இல் பௌத்தர் அல்லேன் என்று எழுதச் சொன்னார்கள். 1955க்குப் பின் ஒன்றும் எழுதச் சொல்லாமலே இப்பெயரின் கீழ் நம்மைச் சேர்த்துக்கொண்டார்கள்.