துடைப்பம் ஏந்திய துறவி

மராட்டிய மாநிலத்தின் அமராவதி மாவட்டத்தில், சலவைத் தொழில் செய்யும் எளிய குடும்பத்தில் 1876ஆம் ஆண்டு தேபுஜி பிறந்தார். குடிப்பழக்கத்தால் தந்தை இளமையிலேயே மறைந்தார். தாய்வழி உறவினர் வீட்டில் மாடு மேய்த்து வளர்ந்த தேபுஜிக்குப் பள்ளி செல்லும் வாய்ப்புக் கிட்டவில்லை.

பெயர்சூட்டு விழாவில் மதுவும் இறைச்சியும் பரிமாறுவது அவர்தம் உறவினரின் வழக்கம். தம் மகளின் விழாவில் தேபுஜி இனிப்பும் மரக்கறி உணவுமே படைத்தார். உறவினர் சினந்தனர், அவர் தம் முடிவை மாற்றவில்லை.

1905ஆம் ஆண்டு இல்லம் துறந்தார். துடைப்பமும் மண்கலமுமே அவருடைய உடைமைகள். மண்கலத்தைக் குறிக்கும் மராத்திச் சொல்லால் மக்கள் அவரைக் ‘காட்கே பாபா’ என அழைத்தனர். ஓர் ஊரை அடைந்தவுடன் அவர் தெருவைப் பெருக்கத் தொடங்குவார். வேடிக்கை பார்த்தவர்கள் பின்னர்த் தாமும் துடைப்பம் ஏந்துவர். இரவில் கீர்த்தனம் பாடி, குடி, கடன், தீண்டாமை ஆகியவற்றின் கேட்டை நகைச்சுவையோடு உணர்த்துவார். பகலில் தெருவும் இரவில் மனமும் தூய்மையாயின.

மக்கள் அளித்த பொருளில் தமக்கென எதையும் அவர் கொள்ளவில்லை. அப்பொருளால் பள்ளிகளும் மருத்துவமனைகளும் விடுதிகளும் எழுந்தன. தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் பண்டரிபுரத்தில் எழுப்பிய விடுதியை அம்பேத்கரின் கல்விக் கழகத்திடம் ஒப்படைத்தார்.

1956 டிசம்பர் 20ஆம் நாள் அவர் மறைந்தார். பள்ளி வாயிலை மிதிக்காத அவருடைய பெயரை இன்று அமராவதிப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறது. பிறர் மகிழ்ந்து வாழ, அவர் முதலில் கையில் எடுத்தது ஒரு துடைப்பமே.