கல்லூரி காணாத கல்வியரசி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சேர்க்கைப் படிவத்தில் என் தாயார் தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கும் வரை பின்னால் வரிசையே காத்து நின்றது. சோர் ஹுவானாவின் வரலாற்றைப் படித்தபோது அந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. அவருடைய தாயாருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனாலும் மெக்சிக்கோவில் ஒரு பண்ணையையே கட்டி ஆண்டவர் அந்த அம்மையார்.

ஸ்பானிய இலக்கியத்தைக் கல்லூரியில் பாடமாக எடுப்போர் தவறாமல் சந்திக்கும் பெயர் சோர் ஹுவானா இனேஸ் டி லா குரூஸ். மெக்சிக்கோ ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெண் கவிஞர். வேடிக்கை என்னவென்றால், அவர் ஒரு நாளும் கல்லூரியில் படித்ததில்லை. மெக்சிக்கோ நகரத்துப் பல்கலைக்கழகம் 1551இலேயே நிறுவப்பட்டது. ஆனால் அது ஆண்களுக்கு மட்டும். ஆண் உடை உடுத்தியாவது அங்கே அனுப்பும்படி தாயாரிடம் மன்றாடினாள் சிறுமி ஹுவானா. தாயார் இசையவில்லை. பாட்டனார் சேர்த்து வைத்திருந்த நூல்களே அவளுக்குப் பல்கலைக்கழகம் ஆயின.

மூன்று வயதில் தமக்கையின் பின்னாலேயே போய், தனக்கும் பாடம் சொல்லித்தர அம்மா சொன்னதாக ஆசிரியையிடம் பொய் சொல்லி எழுத்துக் கற்றவள் அவள். இலத்தீன் பயின்றபோது தலைமுடியில் சில விரற்கடை நறுக்கிக்கொள்வாள். அது மீண்டும் வளர்வதற்குள் குறித்த பாடம் மனத்தில் ஏறாவிட்டால் மறுபடியும் கத்தரிக்கோல்தான்! (நம் வகுப்பில் இம்முறை வந்தால் பலர் மொட்டைத் தலையோடுதான் தேர்வு எழுதுவோம்.)

பின்னர் அரசப் பிரதிநிதியின் மாளிகையில் சுமார் 40 அறிஞர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டுச் சோதித்தபோதும் அவர் அசரவில்லை. 1669இல் கன்னியர் மடத்தில் துறவு பூண்டார். மணவாழ்வில் நாட்டமில்லை, படிக்க வேண்டும். அதற்கு அன்று இருந்த வழி அது ஒன்றே.

என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான். மடத்துத் தலைவி ஒருவர், நூல்களைத் தொடக்கூடாதென்று ஏறத்தாழ மூன்று மாதம் தடை விதித்தார். ஹுவானா நூலை மூடினார், கண்ணை மூடவில்லை. பம்பரம் சுற்றும் இடத்தில் மாவைத் தூவி, அது ஓய ஓய வரைவது வட்டமன்று, சுருள்கோடு என்று கண்டார். எண்ணெயில் சேர்ந்து இறுகும் முட்டை, சர்க்கரைப் பாகில் பிரிந்து சிதறுவதை அடுக்களையில் கவனித்தார்.

1690இல் வந்தது சோதனை. புகழ்பெற்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் அந்தோனியோ வியெய்ராவின் பிரசங்கம் ஒன்றை மறுத்து அவர் எழுதியதை, புவெப்லா நகர ஆயர் அவரைக் கேளாமலே அச்சிட்டார். கூடவே, உலகியல் கல்வியைக் குறைத்துக்கொள்ளும்படி அறிவுரை வேறு. அதையும் ஒரு கன்னியாஸ்திரீயின் பெயரில் ஒளிந்துகொண்டு எழுதினார்! மறு ஆண்டு ஹுவானா எழுதிய பதில், பெண்கள் கற்பதற்கான உரிமை வழக்கு. மேலே சொன்ன முடி, பம்பரம், முட்டை எல்லாம் அக்கடிதத்தில் உள்ளவையே.

1694இல் தம் இரத்தத்தால் கையொப்பமிட்டு நோன்பைப் புதுப்பித்தார், நூல்கள் விற்கப்பட்டன. தாமாகவா, கட்டாயத்தாலா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். முடியை நறுக்கிக் கற்றவர் மனமுவந்து நூல்களைக் கொடுத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. 1695இல் கொள்ளைநோய் கண்ட சகோதரிகளுக்குப் பணிவிடை செய்து, தாமும் அதற்கு இரையானார்.

அவர் வாழ்ந்த மடம் இன்று அவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகமாக இயங்குகிறது. இவற்றையெல்லாம் ஒரு மாலையில் என் தாயாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், பாகில் முட்டை ஏன் பிரிகிறது என்று கேட்டார். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் ஆய்வகத்தில் பேராசிரியரிடம் கேட்டு வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.