குருவிக் காலில் வண்ண வளையம்

பறவையின் பாட்டில் மனம் பறிகொடுப்போர் பலர். பாடிய பறவை எது, அது சென்ற ஆண்டும் இங்கேதான் பாடியதா என்று வினவுவோர் மிகச் சிலர். அவ்வினாவிற்கே தம் வாழ்வின் பெரும்பகுதியை அளித்தவர் மார்கரெட் மோர்ஸ் நைஸ் அம்மையார்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்டில் 1883இல் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், 1906இல் மவுண்ட் ஹோல்யோக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்க் கிளார்க் பல்கலைக்கழகத்தில் காடையினப் பறவையொன்றின் உணவை ஆராய்ந்தார். 1909இல் பிளெய்ன் நைஸ் என்பாரை மணந்ததும் முனைவர்ப் பட்டக் கனவு நின்றுபோயிற்று. பெண்மக்கள் ஐவர் பிறந்தனர். இல்லத்துள் இருந்தபோதும் அவருடைய ஆய்வு மனம் உறங்கவில்லை. தம் குழந்தைகளின் மழலை வளர்வதைக் குறித்து வைத்துக் கட்டுரைகள் வரைந்தார்.

ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் வாழ்ந்தபோது, 1919இல், ஆகஸ்டிலேயே புறா வேட்டையைத் தொடங்கலாம் என்னும் கருத்து எழுந்தது. அதற்குள் குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறந்துவிடும் என்று வேட்டைக்கு இசைந்தோர் கருதினர். அம்மையார் மரந்தோறும் தேடிச் சென்று கூடுகளை எண்ணினார். அக்டோபரிலும் புறாக்கள் குஞ்சு வளர்ப்பதைக் கண்டறிந்தார். எண்ணிப் பார்ப்பதே ஓர் உயிரைக் காக்கும் சான்றாகும் என்பதை அன்று உணர்ந்தார்.

1927இல் குடும்பம் ஒகையோவின் கொலம்பஸ் நகருக்குப் பெயர்ந்தது. வீட்டின் அருகே, ஓலன்டாஞ்சி ஆற்றங்கரையில், புதரும் களையும் மண்டிய நிலம் ஒன்று கிடந்தது. அதற்கு 'இன்டர்பான்ட்' என்று அவர் பெயரிட்டார். அங்கு வாழ்ந்த சாங் ஸ்பேரோ என்னும் பாட்டுக்குருவிகளைப் பொறிவைத்துப் பிடித்து, 1928 முதல் காலில் வளையமிட்டு விடுவித்தார். எண் பொறித்த உலோக வளையத்தைப் படிக்கக் குருவியை மீண்டும் பிடிக்க வேண்டும். அதனுடன் வண்ண வளையங்களையும் அணிவித்தால், நிறங்களின் வரிசையைக் கொண்டே தொலைவிலிருந்து இன்ன குருவி என அறியலாம். ஒவ்வோர் ஆணும் தன் பாட்டால் காத்த எல்லையை அவர் வரைபடத்தில் குறித்தார். கூடுதோறும் முட்டைகளையும், பறந்த குஞ்சுகளையும், மறு ஆண்டு மீண்டவற்றையும் எண்ணினார். குயிலைப்போல் பிறர் கூட்டில் முட்டையிடும் கௌபேர்டு என்னும் பறவையால் நேர்ந்த இழப்பையும் கணக்கிட்டார். ஒரே நிலத்துக் குருவிகளுள் சில குளிர்காலத்தில் தங்குவதையும் சில வலசை போவதையும் இம்முறையாலேயே கண்டார்.

'4எம்' எனப் பெயரிட்ட ஆண்குருவியைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். 1935 மே 11ஆம் நாள் புலரி முதல் அந்திவரை அருகிருந்து அதன் பாடல்களை எண்ணினார். அன்று அது பாடியவை 2,305.

இத்தனை விரிந்த ஆய்வை வெளியிட இடம் தேவைப்பட்டது. எர்ன்ஸ்ட் மேயரின் ஊக்கத்தால் 1933, 1934ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியப் பறவையியல் இதழில் அது முதலில் வெளிவந்தது. நியூயார்க் லின்னேயன் கழகம் முழு நூலின் முதல் தொகுதியை 1937இலும் இரண்டாம் தொகுதியை 1943இலும் வெளியிட்டது. 1938இல் வில்சன் பறவையியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். 1942இல் புரூஸ்டர் பதக்கம் பெற்றார்.

அவருடைய நிலத்திற்கோ அப்பேறு வாய்க்கவில்லை. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் தோட்டமிடுவதற்காகப் புதர்கள் அழிக்கப்பட்டன, குருவிகள் அருகின. பெயர்சூட்டி அறிந்தவை ஒவ்வொன்றாய் மறைவதையும் அவரே கணக்கில் எழுத நேர்ந்தது. இன்ன குருவி இல்லை என்று எழுதுவதற்கு, முன்பு அது இருந்ததை அறிந்தவர் ஒருவர் வேண்டுமன்றோ!

கைவிட்ட முனைவர்ப் பட்டம் 1955இல் அவர் பயின்ற கல்லூரியிலிருந்தே மதிப்புறு பட்டமாக வந்தது. 1974 ஜூன் 26ஆம் நாள் சிகாகோவில் அம்மையார் மறைந்தார். பறவைக் காலில் வண்ண வளையமிட்டுத் தனித்தனியே அறியும் முறை இன்றும் ஆய்வாளர் கைகளில் வாழ்கிறது.