உறங்கும் விதையும் ஹால்டேன் கணக்கும்

குத்தம்பாக்கத்து வயலில் களை பறித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்துவிடாது. கொஞ்சம் முளைக்கும், மிச்சம் மண்ணுக்குள் உறங்கும். அடுத்த மழைக்கோ அடுத்த ஆண்டோ தலைநீட்டும். இது விதையின் சோம்பல் அல்ல, பிழைக்கும் வழி என்று கணக்குப் போட்டே காட்டலாம். அந்தக் கணக்குக்கு அஸ்திவாரம் இட்டவர்களில் ஒருவர், இங்கிலாந்தில் பிறந்து இந்தியப் பிரஜையாக மறைந்த பேராசிரியர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

1892-ம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தையும் பெரிய விஞ்ஞானி. சுரங்கத்து விஷக் காற்றை ஆராயப் போகும்போது சிறுவனான மகனையும் உள்ளே அழைத்துச் செல்வாராம்! மகன் கற்றது கணிதமும் பண்டைய கிரேக்க, லத்தீன் இலக்கியங்களும். விஞ்ஞானத்தில் பட்டமே கிடையாது. ஆனாலும் 1924 முதல், இயற்கை எந்த உயிரை வைத்துக்கொள்கிறது, எதைக் கழிக்கிறது என்பதைக் கணிதமாக எழுதி உலகப் புகழ் பெற்றார்.

1957-ல் லண்டன் பதவியை உதறிவிட்டு, மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா வந்தார். மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வேலை. ஜிப்பா அணிந்தார், மாமிசத்தை விட்டார், 1961-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். கோபக்காரர். கழகத்தோடும் ஒத்துப்போகவில்லை. 1962-ல் புவனேசுவரம் சேர்ந்தார்.

மறு ஆண்டு, சுரேஷ் ஜெயகருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் மாறி மாறி வந்தால் பரம்பரைக் குணங்கள் என்ன ஆகும் என்பதே கேள்வி. ஆண்டுகளைக் கூட்டிச் சராசரி பார்த்தால் போதாது, பெருக்கியும் பார்க்க வேண்டும் என்று அது காட்டியது.

விதைக்குப் பொருத்திப் பாருங்கள். நூறு விதை. நல்ல மழையில் முளைத்த ஒன்று நான்கு தரும். வறட்சியில் முளைத்தது கருகும். உறங்குவது கெடாது என்று வைத்துக்கொள்வோம். நூறும் முளைத்தால் முதலாண்டு 400. அடுத்து வறட்சி, அத்தனையும் முளைத்துப் பூஜ்யம். சராசரி மட்டும் ஆண்டுக்கு இரு மடங்கு! ஒவ்வோர் ஆண்டும் பாதி உறங்கினால்? முதலாண்டு 250, வறட்சிக்குப் பின் 125. வம்சம் தப்பியது.

விதை உறக்கத்துக்கென்றே இத்தகைய கணிதத்தை 1966-ல் வெளியிட்டவர் ஜெருசலம் விஞ்ஞானி டான் கோஹன். ஹால்டேன் அதற்குள் போய்விட்டார். தம் புற்றுநோயையே கேலி செய்து கவிதை எழுதியவர், 1964 டிசம்பர் 1-ந் தேதி புவனேசுவரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி, வைத்திய மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது.