வெற்றிடம் நிஜமாவே காலியா? வத்திராயிருப்பு கிருஷ்ணனின் கதை

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, தேனி ரோட்டில் காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போகும் பிசிக்ஸ் மாணவர்கள் எல்லோருக்கும் ராமன் விளைவு தெரியும். அதில் பாதிப் பங்கு, இதே மதுரையில் அமெரிக்கன் கல்லூரியில் படித்த ஒருவருடையது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன், 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரையில் இன்டர்மீடியட், பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1920-ல் சி.வி. ராமனைத் தேடி கொல்கத்தாவுக்கு ரயிலேறினார்.

1928 பிப்ரவரி. கருவிகள்னு பெருசா ஒன்றுமில்லை. வெயில், இரண்டு கலர் ஃபில்டர், சுத்தமான திரவங்கள், அப்புறம் கிருஷ்ணனின் கண்கள். ஊதா ஒளியை உள்ளே விட்டால், சிதறி வருவதில் துளியூண்டு மட்டும் பச்சைப் பக்கம் நிறம் மாறி வந்தது. சுமார் ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுக்குத்தான் இந்த மாற்றம்! சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் அதேதான். மார்ச் 31-ல் நேச்சர் இதழில் வந்த கடிதத்தில் இருவர் பெயரும் இருந்தது. 1930 நோபலில் ஒருவர் பெயர் மட்டும்.

சரி, இதில் வெற்றிடம் எங்கே வந்தது? குவாண்டம் கணக்குப்படி, ஒளியே இல்லாத இடத்திலும் மின்காந்தப் புலம் சும்மா இருப்பதில்லை, லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். மூலக்கூறு புது நிறத்தில் ஒளியை உமிழ, அந்தத் துடிப்புதான் தூண்டிவிடுகிறது. ஆக, கிருஷ்ணன் கண்ணால் பார்த்ததில் வெற்றிடத்தின் கைவேலையும் இருந்தது.

சென்னையில் பிறந்த டாம் கிப்பிள் 1976-ல் எழுதிய அண்டச் சரங்களிலும் இதே வெற்றிடம் வருகிறது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் உருவாகியிருக்கக்கூடிய, அணுவைவிட மெல்லிய, ஆனால் பயங்கர கனமான இழைகள் அவை. வட்டக் காகிதத்தில் ஒரு துண்டை வெட்டிவிட்டு ஒட்டினால் கூம்பாகுமே, அந்த மாதிரி, இழையைச் சுற்றியுள்ள வெளி மாறிவிடும். வெளி மாறினால் துடிப்பின் கணக்கும் மாறும். இழை எதுவும் இல்லாவிட்டால் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும் ஆற்றல், அதன் அருகில் பூஜ்ஜியமாக இருக்காது. இதுவரை ஒரு சரமும் சிக்கவில்லை, கணக்கு மட்டும் கையில் இருக்கிறது.

கிருஷ்ணன் நோபலுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. 1928 முடிவதற்குள் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், படிகங்களின் காந்தப் பண்பில் இறங்கிவிட்டார். என்னைக் கேட்டால், அவருடைய சொந்த முத்திரை அந்த வேலையில்தான் இருக்கிறது. 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அடுத்து டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1958-ல் முதல் பட்நாகர் விருது. 1961 ஜூனில் இறக்கும்போதும் அந்த ஆய்வகத்தின் பொறுப்பில்தான் இருந்தார்.