திருவிதாங்கூரில் ஒரு துறவுள்ளம்

இறைப்பணியில் ஈடுபடுவோரை ஒரு சோதனை நிழல்போலத் தொடர்ந்து வருகிறது. தம்மை நாடி வருவோரின் எண்ணிக்கையையே பணியின் வெற்றியாகக் கருதிவிடும் மயக்கம் அது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் வாழ்ந்த கிறிஸ்தவப் போதகர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே அச்சோதனையை எதிர்கொண்ட விதம், எந்நெறியைச் சார்ந்தவரும் சிந்திக்கத்தக்கது.

1770-ஆம் ஆண்டு, இன்று போலந்தில் அடங்கியுள்ள சைலீசியாவில் பிறந்தவர் அவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்று, 1797-இல் கல்கத்தா வந்தார். மனம் நிறைவுறாமல் விரைவிலேயே திரும்பிச் சென்றார். பின்னர் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1804-இன் இறுதியில் தரங்கம்பாடியை அடைந்து, அங்கே தமிழ் கற்றார்.

அவரைத் தெற்கே அழைத்துவந்தது ஒரு எளிய மனிதரின் தாகம். தென் திருவிதாங்கூரின் மயிலாடியில், சாதிக்கொடுமைக்கு ஆளான சமூகத்தில் பிறந்தவர் மகாராசன். மனச்சாந்தி தேடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்ற அவர், தஞ்சையில் கோலாப் என்ற போதகரின் தொடர்பால் கிறிஸ்தவ நெறியை ஏற்று, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பினார். தம் மக்களுக்கும் ஒரு போதகர் வேண்டும் என்ற அவரது அழைப்பை ஏற்று, 1806-இல் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார்.

ஆலயம் எழுப்ப அனுமதி வேண்டித் திருவனந்தபுரம் சென்றார். திவான் வேலுத்தம்பி இசையவில்லை. அடுத்து ஆங்கிலேயருக்கு எதிராக வேலுத்தம்பியின் கிளர்ச்சி மூண்டது. அது அடங்கிய பின்னரே, ரெசிடெண்ட் மெக்காலேயின் உதவியால் 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தாமரைகுளம், ஈத்தாமொழி முதலிய ஊர்களிலும் சிறு சபைகள் உருவாயின, பள்ளிகளும் தோன்றின.

சோதனை இங்கேதான் தொடங்கியது. தலைவரியும் கூலியில்லா ஊழியமும் அக்காலத்து ஒடுக்கப்பட்ட மக்களை நசுக்கிக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரப் போதகரைச் சார்ந்தால் அவற்றிலிருந்து தப்பலாம் என்று நம்பிப் பலர் வந்தனர். அவர்களை அப்படியே ஏற்றிருந்தால் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியிருக்கும். அவரோ, ஞானஸ்நானம் உலகியல் நன்மைக்கான சீட்டு அன்று என்பதில் உறுதியாக நின்றார். வந்தோரின் நோக்கம் குறித்துத் தமக்கிருந்த ஐயத்தையும் ஏமாற்றத்தையும் லண்டனுக்கு எழுதிய கடிதங்களில் மறைக்கவில்லை. தம் பணி சிறியதாகத் தோன்றுமே என்று அவர் அஞ்சவில்லை.

அதேவேளையில், துன்புற்று வந்தவரின் துயரை அவர் இகழவும் இல்லை. சுமை தாங்காதவன் நிழல் தேடுவது குற்றமாகுமா? தமக்குக் கிடைத்த ஊதியத்தின் பெரும்பகுதியைப் பள்ளிகளுக்கும் உதவியாளர்களுக்கும் ஏழைகளுக்கும் செலவிட்டார். சிறு குடிலே அவரது இல்லம். உள்ளூர்த் துணியே அவரது உடை. நம்பிக்கையை விலைபேசாமல் விலக்கியவர், அன்பை விலைபேசாமல் வழங்கினார்.

உழைப்பு உடலை உருக்கியது. 1816-இல் நோயுடன் விடைபெற்றபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். சென்னையை அடைந்தபோது அணிய நல்லதொரு மேலங்கியும் இன்றி, தலையில் வைக்கோல் தொப்பியுடன் காட்சியளித்தாராம். அங்கிருந்து இலங்கைக்கும், பின் கீழைக்கடல் பகுதிக்கும் கப்பலேறினார். அதன்பின் அவரைப் பற்றிய செய்தி இல்லை. அவருக்குக் கல்லறையும் இல்லை.

ஆனால் விதை அழியவில்லை. 1818-இல் வந்த சார்லஸ் மீட் பணியைத் தொடர்ந்தார். மயிலாடியில் தொடங்கிய கல்விப் பணி நாகர்கோவிலுக்கு மாறி, பிற்காலத்தில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக மலர்ந்தது. 1838-இல் ஜான் காக்ஸ் திருவனந்தபுரத்தில் பணியைத் தொடங்கினார். அச்சங்கத்தின் பெயரை அந்நகரின் எல்.எம்.எஸ். வளாகம் இன்றும் தாங்கி நிற்கிறது.

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரத்தில் தங்கி, பின் கன்னியாகுமரி சென்றார். ஏழைகளின் துயர் துடைப்பதே இறைவழிபாடு என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உறுதிப்பட்ட யாத்திரை அது. அதே மண்ணில், வேறொரு நெறியில் நின்று, எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தம்மிடம் இருந்ததையெல்லாம் அம்மக்களுக்கே ஈந்துவிட்டு வெறுங்கையுடன் சென்றிருந்தார். எத்தனை பேரைத் தம் பக்கம் சேர்த்தோம் என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, எவ்வளவு தன்னலம் நம்மிடமிருந்து கழிந்தது என்று எண்ணிப் பார்ப்போமாக. தொண்டின் அளவுகோல் அதுவே.