அடகுக் கடைக்குப் போன நகைகளும் ஒரு பத்திரிகையும்: மௌலானா முஹம்மது அலி ஜவ்ஹர் (ரஹ்)



இந்திய விடுதலைப் போரில் முஸ்லிம்களின் பங்கு என்று பேச்சு எடுத்தால், அலி சகோதரர்கள் என்ற பெயர் வராமல் இருக்காது. நாமும் அந்தப் பெயரை ஒரு பட்டியலில் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கடந்து போய்விடுகிறோம். அந்த இருவரில் இளையவர் மௌலானா முஹம்மது அலி ஜவ்ஹர் (ரஹ்) அவர்கள். எழுத்தாளர், கவிஞர், கட்சித் தலைவர், எல்லாவற்றுக்கும் முன்னால் பத்திரிகை நடத்தியவர். அந்தப் பேனாவுக்காக அவர்கள் எதையெல்லாம் இழந்தார்கள் என்பதை இந்த வாரம் சற்று நிதானமாகப் பாருங்கள்.

1878 டிசம்பர் 10 அன்று ராம்பூர் சமஸ்தானத்தில் பிறந்தார்கள். சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை காலராவில் வபாத்தாகிவிட்டார். இளம் வயதில் விதவையான தாயார் ஆபாதி பானு பேகம்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். பிற்காலத்தில் நாடு முழுவதும் 'பீ அம்மா' என்று அழைத்தது இவர்களைத்தான். பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றபோது, சொத்தைக் கவனித்து வந்த உறவினர் பணம் தர மறுத்தார். ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சம் அன்று பல வீடுகளில் இருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்தத் தாய் என்ன செய்தார்கள் தெரியுமா? தன் நகைகளை அடகு வைத்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

அலிகர் கல்லூரியில் படித்துத் தேறிய மௌலானாவை, அரசாங்க வேலையில் இருந்த அண்ணன் ஷவ்கத் அலி தன் சம்பளத்தைக் கொடுத்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். ஐ.சி.எஸ். எழுதிக் கலெக்டராக வர வேண்டும் என்பது திட்டம். தேர்வில் தோற்றுப்போனார்கள். வரலாற்றில் பட்டம் மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, ராம்பூரில் கல்வித் துறையிலும் பிறகு பரோடா சமஸ்தானத்திலும் வேலை பார்த்தார்கள். நல்ல சம்பளம், நல்ல மரியாதை. அப்படியே இருந்திருக்கலாம்.

வேலையை விட்டார்கள். 1911 ஜனவரி 14 அன்று கல்கத்தாவிலிருந்து 'காம்ரேட்' என்ற ஆங்கில வார இதழ் வெளிவந்தது. தோழன் என்று பொருள். விலை உயர்ந்த தாள், நேர்த்தியான அச்சு, கிண்டலும் கூர்மையும் கலந்த ஆங்கிலம். எந்த அரசை விமர்சித்தார்களோ அந்த அரசின் அதிகாரிகளே அதை விரும்பி வாசித்தார்கள்! தலைநகரம் டெல்லிக்கு மாறியதும் 1912-ல் காம்ரேடும் டெல்லிக்குப் போனது. 1913-ல் உருது நாளிதழ் 'ஹம்தர்த்' தொடங்கியது. ஆங்கிலம் தெரிந்த சிலருக்கு மட்டும் எழுதினால் போதாது, சமுதாயம் முழுவதும் வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். உருதுப் பத்திரிகைகள் அன்று கையெழுத்துக் கலைஞர்கள் எழுதிக் கல்லச்சில் வந்துகொண்டிருந்தன. மௌலானா அச்சு எழுத்துகளைக் கொண்டுவந்தார்கள். வாசகர்களுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் பழைய முறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

அந்தப் பத்திரிகைகள் செய்தி மட்டும் சொல்லவில்லை. பால்கன் போரில் காயம்பட்ட துருக்கியருக்கு மருத்துவம் செய்ய டாக்டர் அன்சாரி தலைமையில் 1912-ல் ஒரு குழு போனதே, அதற்குக் காம்ரேடின் பக்கங்கள் வழியாகப் பணம் திரண்டது. 1913-ல் கான்பூரில் சாலை போடுவதற்காக ஒரு பள்ளிவாசலில் உளூச் செய்யும் பகுதியை இடித்தார்கள். எதிர்த்துக் கூடிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. மௌலானா அதை எழுதியதோடு நிற்காமல், நியாயம் கேட்க இங்கிலாந்துக்கே கப்பல் ஏறினார்கள்.

1914 வந்தது, உலகப் போரும் வந்தது. துருக்கி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை ஒரு தலையங்கம் எழுதியது. மௌலானா அதே தலைப்பில் மிக நீண்ட பதில் எழுதி, பிரிட்டன் துருக்கிக்குச் செய்த அநீதிகளை வரிசையாக எடுத்து வைத்தார்கள். அன்று நடைமுறையில் இருந்தது 1910-ம் ஆண்டின் அச்சகச் சட்டம். அச்சகம் நடத்துகிறவர் அரசாங்கத்திடம் பிணைத்தொகை கட்ட வேண்டும். எழுதியது பிடிக்கவில்லை என்றால் அரசு அதை எடுத்துக்கொள்ளும். மறுபடியும் நடத்த வேண்டுமா? இன்னும் பெரிய தொகை கட்டு! வாயைப் பொத்தாமலே மூச்சை நிறுத்தும் வழி இது. காம்ரேடின் பிணைத்தொகை பறிபோனது, பத்திரிகை நின்றது. 1915-ல் சகோதரர்கள் இருவரும் காவலில் வைக்கப்பட்டார்கள். ஹம்தர்தும் நின்றது.

சிந்த்வாடா என்ற மத்திய இந்தியச் சிற்றூரில் ஆண்டுக்கணக்கில் தடுப்புக் காவல். பீ அம்மா பிள்ளைகளுடன் அங்கேயே போய் இருந்தார்கள். ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் விடுதலை என்று அரசு ஆள் அனுப்பியது. மார்க்கக் கடமைகளுக்குப் பாதகம் இல்லாமல் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்துத்தான் கையெழுத்திடுவோம் என்றார்கள் சகோதரர்கள். விடுதலை வரவில்லை. 1917-ல் கல்கத்தாவில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டுக்கு மௌலானாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். காலியான நாற்காலியில் படத்தை வைத்துத்தான் நடத்த முடிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு வரை படித்த அந்த மனிதருக்குக் குர்ஆனோடு ஆழமான பழக்கம் ஏற்பட்டது இந்தக் காவலில்தான். அதுவரை தனக்கு மார்க்க அறிவு குறைவு என்பதைத் தன் நூலில் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

1919 டிசம்பரில் விடுதலை. அதன் பிறகு ஓய்வே இல்லை. 1920-ல் கிலாபத்துக்காகத் தூதுக்குழுவுடன் ஐரோப்பா போய்ப் பிரதமர் லாயிட் ஜார்ஜைச் சந்தித்தார்கள். சீறா எழுதிய அல்லாமா சுலைமான் நத்வி அவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று அலிகரில், மால்டா சிறையிலிருந்து மீண்ட ஷைகுல் ஹிந்த் அவர்களின் கரத்தால் ஜாமியா மில்லியா தொடங்கப்பட்டபோது, அதன் முதல் துணைவேந்தர் மௌலானாதான்.

1921 ஜூலையில் கராச்சி மாநாடு. பிரிட்டிஷ் படையில் ஒரு முஸ்லிம் சேவை செய்வது ஹராம் என்று தீர்மானம். அந்த செப்டம்பரில் காந்தியடிகளும் மௌலானாவும் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். 14-ம் தேதி வால்டேர் நிலையத்தில், காந்தியடிகளின் கண் முன்னாலேயே மௌலானாவைக் கைது செய்தார்கள். உடன் வந்த மனைவி அம்ஜதி பேகம் திரும்பிப் போகவில்லை; காந்தியடிகளோடு பயணத்தைத் தொடர்ந்தார்கள். எட்டு நாள் கழித்து மதுரையில் காந்தியடிகள் சட்டையையும் குல்லாயையும் விட்டு நான்கு முழ வேட்டிக்கு மாறியது நமக்கெல்லாம் தெரியும். அந்த எண்ணம் வால்டேரில் மௌலானா கைதான அன்றே தனக்கு வந்ததாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். மதுரையின் அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்கிறோம். இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை.

வழக்கு கராச்சி காலிக்தினா மண்டபத்தில் நடந்தது. மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனி (ரஹ்) அவர்களும், ஒரு சங்கராச்சாரியாரும் கூடக் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். சங்கராச்சாரியார் விடுவிக்கப்பட்டார், மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல். சிறையில் மௌலானா இஸ்லாத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் எழுதத் தொடங்கினார்கள். முன்னுரையே வளர்ந்து ஒரு தனி நூலாகிவிட்டது! சொந்த வாழ்க்கையைச் சொல்லும் அந்த முன்னுரைதான் அவர்கள் வபாத்துக்குப் பிறகு 1942-ல் அச்சானது. சுருக்கமாக எழுத அவர்களுக்கு என்றுமே வரவில்லை.

1923-ல் வெளியே வந்தார்கள். ஆண்டு இறுதியில் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டின் தலைவர். புகழின் உச்சி அது.

மூன்றே மாதம். 1924 மார்ச் 3 அன்று துருக்கி தானே கிலாபத்தை ஒழித்துவிட்டது. சகோதரர்களே, கொஞ்சம் அவர்கள் இடத்தில் நின்று யோசியுங்கள். யாருக்காகப் பத்திரிகை போனதோ, யாருக்காக இத்தனை ஆண்டு சிறை கிடந்தார்களோ, அவர்களே அந்தப் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதே ஆண்டில் நோய்வாய்ப்பட்டிருந்த மகள் ஆமினா வபாத்தானார். நவம்பரில் பீ அம்மாவும் போய்விட்டார்கள். அந்த 1924-ன் இறுதியில் மௌலானா செய்தது என்ன? காம்ரேடை மறுபடியும் தொடங்கினார்கள்! ஹம்தர்தும் திரும்ப வந்தது.

வெற்றி பெற்றார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கடன் பெருகியது. கணக்கு வழக்குப் பார்க்கும் குணம் அவர்களிடம் இல்லை; கோபம் சட்டென்று வரும், யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். நண்பர்கள் விலகினார்கள். காம்ரேட் 1926 தொடக்கத்தில் நின்றது. 1928-ல் நேரு அறிக்கையை எதிர்த்துக் காங்கிரஸோடும் முறிந்தது. எந்தக் கட்சியின் தலைவராக இருந்தார்களோ, அதே கட்சியின் சட்டமறுப்புப் போராட்டத்தில் முஸ்லிம்கள் சேர வேண்டாம் என்று 1930-ல் சொல்லும் நிலை. அது சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் லாபத்துக்காக மாறினார்கள் என்று சொல்ல இடமில்லை, அவர்கள் கையில் லாபம் என்று ஒன்று தங்கியதே கிடையாது.

நீரிழிவு உடலைத் தின்றுவிட்டிருந்த நிலையில், 1930 இறுதியில் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார்கள். நின்று பேச முடியவில்லை, உட்கார்ந்தபடியே பேசினார்கள். விடுதலையைக் கையில் வாங்காமல் அடிமை நாட்டுக்குத் திரும்ப மாட்டேன், தராவிட்டால் சுதந்திர பூமியில் எனக்கு ஒரு கப்ரு தர வேண்டியிருக்கும் என்பது அந்தப் பேச்சின் கருத்து. சில வாரங்களில், 1931 ஜனவரி 4 அன்று லண்டனிலேயே வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பைத்துல் முகத்தஸின் முஃப்தி அமீன் அல்ஹுஸைனி தன் ஊருக்குக் கொண்டுவரும்படி அழைத்தார். ஜனாஸா கப்பலில் எகிப்து வந்து, அங்கிருந்து பாலஸ்தீனம் போய், ஜனவரி 23 அன்று மஸ்ஜிதுல் அக்ஸா வளாகத்தின் மேற்கு ஓரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், அதே மேற்கு ஓரத்தில் இன்னொருவரும் அடக்கமானார்: 1916-ல் பிரிட்டனோடு சேர்ந்து துருக்கிக் கலீஃபாவுக்கு எதிராகக் கிளம்பிய மக்காவின் ஷரீஃப் ஹுஸைன்.